கோடை விடுமுறைக் கதை நேரம்: அவரவர் வீட்டு மொழியிலேயே சொல்லவைக்கலாமா?

மாடிவீட்டு மல்லி (காலாடிப்பேட்டை)

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக் கதை நேரம் நடத்தலாம் என்று நாலைந்து பேர் பேசி முடிவெடுத்திருக்கிறோம். காலமும் தோதாக இருக்கிறது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. விசைப்படகில் போகும் அப்பாக்களும் சித்தப்பாக்களும் கரையில்தான் இருப்பார்கள். அவர்களைப் பேசவைத்துவிட்டால் போதும், விடியவிடியக் கதை ஓடும்.

சிக்கல் மொழியில்தான். எங்கள் கட்டடத்தில் மட்டும் தெலுங்கு பேசும் வீடுகள், ஒரு மார்வாடிக் குடும்பம், பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒடியாக்காரர்கள் என்று எல்லாரும் உண்டு. பிள்ளைகள் ஒன்றாகத்தான் விளையாடுகிறார்கள், தமிழில்தான் சண்டை போடுகிறார்கள். 'எல்லாக் கதையையும் தமிழில் சொல்லிவிட்டால் போகிறது' என்கிறார்கள் சிலர். 'இங்கிலீஷில் சொன்னால் ஸ்கூலுக்காவது உதவும்' என்கிறார்கள் இன்னும் சிலர். (இவர்களிடம் நான் வாயே கொடுப்பதில்லை.) என் எண்ணம் வேறு. எந்தப் பாட்டி எந்த மொழியில் கதை கேட்டு வளர்ந்தாரோ அந்த மொழியிலேயே முழுசாகச் சொல்லட்டும். தமிழ்ப் பேச்சு அதற்கு அப்புறம்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தக் கதையில் ஆரம்பித்தால் பிள்ளைகள் எழுந்து ஓடமாட்டார்கள்?

வண்ணை வாசகன் (பழைய வண்ணாரப்பேட்டை)

எதிர்ப்பாகத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாறுகிறது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டது. இந்த நிலைமையில் ஐந்து மொழியில் கதை என்றால் ஒன்றும் நிற்காது. 2006இல் தமிழ்க் கற்றல் சட்டம் வந்து பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமானதால்தான் சௌகார்பேட்டை மார்வாடிப் பிள்ளையும் இன்றைக்குத் தமிழ்ப் பலகையை வாசிக்கிறது. கதையையும் தமிழிலேயே சொல்லுங்கள். புரியாத மொழியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க எந்தக் குழந்தைக்குப் பொறுமை இருக்கிறது?

கருவாட்டுக்கூடை (காசிமேடு)

மல்லி அக்கா, ஆரம்பிக்க ஒரு கதை கேட்டீர்களே, எங்கள் வீட்டுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. என் வயசுக்காரர்கள் இங்கே பலரும் அப்படித்தான்.

'அனகனகா ஒக ராஜு. ஆ ராஜுகி ஏடுகுரு கொடுகுலு.' ஒரு ராஜா, அவருக்கு ஏழு மகன்கள். ஏழு பேரும் வேட்டைக்குப் போய் ஏழு மீன் கொண்டுவருகிறார்கள். வெயிலில் காயவைக்கிறார்கள். ஆறு காய்ந்துவிட்டது, ஒன்று காயவில்லை. 'சேப்பா சேப்பா, எந்துக்கு எண்டலேது?' மீனே மீனே, ஏன் காயவில்லை? புல்கட்டு வெயிலை மறைத்தது என்கிறது மீன். புல்கட்டே, ஏன் மறைத்தாய்? மாடு என்னை மேயவில்லை. மாடே, ஏன் மேயவில்லை? மேய்க்கிற பையன் அவிழ்த்து விடவில்லை. பையனே, ஏன் அவிழ்த்து விடவில்லை? அம்மா சோறு போடவில்லை. அம்மா, ஏன் போடவில்லை? குழந்தை அழுதது. குழந்தையே, ஏன் அழுதாய்? எறும்பு கடித்தது. கடைசியில் எறும்பைக் கூப்பிட்டுக் கேட்டால் அது நிமிர்ந்து நின்று பதில் சொல்லும்: 'நா பங்காரு புட்டலோ வேலு பெடித்தே குட்டனா?' என் தங்கப் புற்றுக்குள் விரலை விட்டால் கடிக்காமல் இருப்பேனா?

தெலுங்கு வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இந்தக் கதை தெரியும். காசிமேட்டுப் பிள்ளைக்கு இதில் பாதி, கதையே இல்லை. தெருவிலேயே பார்க்கிற காரியம். மீன் சரியாகக் காயாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும், யார் யாரைத் திட்டுவார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரியும். எங்கள் அவ்வா (பாட்டி) சொல்லும்போது அந்த மாடு, பையன் எல்லாம் அந்தந்தத் தெரு ஆட்களாகவே மாறிவிடுவார்கள். புல்கட்டு போய் எதிர்வீட்டு மாமாவின் லோடு ஆட்டோ வந்து வெயிலை மறைக்கும்.

வாசகன் சார் கேட்டதற்கு இதுதான் என் பதில்: இந்தக் கதையில் கேள்வி திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வருகிறது. 'எந்துக்கு?' என்பது மூன்றாவது சுற்றுக்குள் எந்தப் பிள்ளைக்கும் பிடிபட்டுவிடும். தெலுங்கே தெரியாத பக்கத்துவீட்டுப் பையன் எங்கள் அவ்வாவுக்கு முந்திக்கொண்டு 'எந்துக்கு எந்துக்கு' என்று கத்துவான்.

முடிக்கும்போது 'கத கஞ்சிக்கி, மனமு இண்டிக்கி' என்பார்கள். கதை காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது, நாம் வீட்டுக்குப் போவோம். தெலுங்குக் கதைகள் எல்லாம் எதற்காகக் காஞ்சிக்கு வந்து சேர்கின்றன என்று சின்ன வயசில் ரொம்ப யோசித்திருக்கிறேன். பஸ் பிடித்தால் அங்கே கிடைக்கும் என்றுகூட நினைத்ததுண்டு.

மின்ட் தெரு பஹு (சௌகார்பேட்டை)

பிறந்தது மார்வாடி வீட்டில், கல்யாணம் ஆகி வந்தது குஜராத்தி வீட்டுக்கு. இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சென்னைதான். தமிழில் டைப் செய்யத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஆச்சரியப்படுகிறார்கள்.

ராஜஸ்தானில் கதை சொல்கிறவருக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து 'ஹூம்' போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் தூங்கிவிட்டால் கதை நின்றுவிடும். 'பாத் மே ஹுங்காரோ, ஃபௌஜ் மே நகாரோ' என்று பழமொழியே உண்டு. படைக்கு முரசு எப்படியோ, கதைக்கு 'ஹூம்' அப்படி. நீங்கள் 'ம் கொட்டுவது' என்று சொல்வதும் அதேதானே. மல்லி அக்கா, மொழி தெரியாத பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள். ம் கொட்ட மொழி வேண்டாம், கதை சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால் போதும்.

குஜராத்தி வீட்டுக் கதை சகோ-சகி. ஆண் சிட்டுக்குருவி ஒரு பாசிப்பயறு மணி கொண்டுவரும், பெண் குருவி ஓர் அரிசி மணி கொண்டுவரும், இரண்டையும் போட்டுக் கிச்சடி சமைக்கும். சகி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சகோ முழுவதையும் தின்றுவிட்டு, கண்வலி என்று துணியைக் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்ளும். ராஜா வீட்டு நாய் தின்றுவிட்டது என்று புளுகும். பஞ்சாயத்து ராஜா வரை போகும், அங்கே குட்டு உடையும். என் மாமியார் இதைச் சொல்லும்போது மாமனாரை ஒரு பார்வை பார்ப்பார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மார்வாடி எங்கள் வீட்டு மொழி, ஆனால் பள்ளிப் படிவத்தில் 'தாய்மொழி: இந்தி' என்றுதான் எழுதிவந்திருக்கிறோம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில், அதாவது அங்கீகாரம் பெற்ற மொழிகளின் பட்டியலில், ராஜஸ்தானிக்கு இடம் இல்லை. போருந்தா கிராமத்து விஜய்தான் தேத்தா ஊர்க் கதைகளைக் கேட்டுக் கேட்டு ராஜஸ்தானியிலேயே எழுதினார், 1974இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். அப்படி ஒருவர் இருந்தார் என்று என் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. ஆகவே வாசகன் அங்கிள், தமிழ் தடுமாறுகிறது என்கிற உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் வீட்டில் அதே கவலை வேறொரு மொழிக்கு.

வண்ணை வாசகன்

பஹு அம்மா, நியாயமான பேச்சு. ஆனால் கருவாட்டுக்கூடை தம்பி சொன்ன மாதிரிச் சங்கிலிக் கதை நம்மிடம் இல்லையா என்ன? தன் பெயரை மறந்த ஈயின் கதையை இப்போது எந்த வீட்டில் சொல்கிறார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

'கொழு கொழு கன்னே, கன்னின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே, கோல் இருக்கும் மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே, கொக்கு குளிக்கும் குளமே, குளத்தில் இருக்கும் மீனே, மீன் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி செய்யும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணில் விளையும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பெயர் என்ன?' குதிரை 'ஹீ ஹீ ஹீ' என்று கனைக்கும். ஆமாம், என் பெயர் ஈ என்று பறந்துவிடும். மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். என் பேரனுக்குச் சொன்னேன், 'கன்னு'க்கும் 'ஆயனு'க்கும் விளக்கம் கேட்டான். கொக்கை மட்டும் தெரிந்தது.

கருவாட்டுக்கூடை

சார், அப்போ உங்கள் பேரனுக்குத் தமிழ்க் கதையும் பாதி புரியாமல்தான் இருந்தது. எழுந்து போனானா?

வண்ணை வாசகன்

போகவில்லை. இரண்டாவது தடவை சொல்லச் சொன்னான். சரி, பேச்சை வளர்க்காதே.

மணலி டீக்கடை (மணலி)

கன்டெய்னர் யார்டுக்குப் பக்கத்தில் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பீகார், உ.பி., ஒடிசா. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் ஒரு தம்பி, டீ ஆறும்வரை ஊரில் இருக்கிற மகளுக்கு வீடியோ காலில் கதை சொல்வார். போஜ்புரி. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு குருவி, அதற்கு ஒரு பருப்பு கிடைக்கிறது. மரமுளையின் இடுக்கில் அது விழுந்துவிடுகிறது. தச்சனிடம் போய் முளையைப் பிளந்து தரச் சொல்கிறது. ஒரு பருப்புக்காகவா என்று தச்சன் விரட்டுகிறான். தச்சனைத் தண்டிக்க ராஜாவைக் கேட்கிறது, முடியாது. ராஜாவிடம் சொல்ல ராணியைக் கேட்கிறது, முடியாது. ராணியைக் கடிக்கப் பாம்பு, பாம்பை அடிக்கத் தடி, தடியை எரிக்க நெருப்பு, நெருப்பை அணைக்கக் கடல், கடலைக் குடிக்க யானை. எல்லாரும் முடியாது என்கிறார்கள். கடைசியில் எறும்பு மட்டும் 'யானையின் தும்பிக்கைக்குள் நான் போகிறேன்' என்கிறது. உடனே யானை பயந்து கடலிடம் போகும், கடல் நெருப்பிடம், அப்படியே திரும்பித் தச்சன் வரை. பருப்பு கிடைத்துவிடும்.

ஒவ்வொருவரிடமும் குருவி ஒரே பாட்டைப் பாடும்: 'கா காயி, கா பீயி, கா லேகே பர்தேஸ் ஜாயி'. என்னத்தைத் தின்பேன், என்னத்தைக் குடிப்பேன், என்னத்தை எடுத்துக்கொண்டு வெளியூர் போவேன்? அந்த இடம் வந்ததும் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். மகளுக்கு ஒரே சிரிப்பு. இவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மின்ட் தெரு பஹு

தெலுங்கில் கேள்வி எறும்பு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. போஜ்புரியில் எறும்பிடமிருந்து திரும்பி வருகிறது. இரண்டு கதையையும் ஒரே சாயங்காலம் அடுத்தடுத்துச் சொன்னால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடிப்பார்கள். நாம் எதுவும் விளக்கக் கூடாது.

மாடிவீட்டு மல்லி

அடடா. வாசகன் சாரின் ஈயையும் சேர்த்தால் முதல் ஞாயிறு முடிந்தது. சார், நீங்களே வந்து மூச்சுவிடாமல் சொல்லிக்காட்டுங்கள்.

பேஜோ பேரன் (வியாசர்பாடி)

பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சி வந்து, 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறி வந்தவர்களில் எங்கள் தாத்தா பாட்டியும் உண்டு. பர்மா பஜார் எல்லாருக்கும் தெரியும், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடாத ஆள் வடசென்னையில் கிடையாது. ஆனால் மொழி போய்விட்டது. எனக்குத் தெரிந்த பர்மிய வார்த்தை எல்லாம் சாப்பிடுகிற சமாச்சாரம்தான்.

பாட்டி பிறந்ததே ரங்கூனில். தமிழ் வீட்டு மொழி, பர்மியம் தெரு மொழி. இப்போது நீங்கள் எல்லாரும் சொல்வதற்கு நேர் எதிர். முயல் கதை ஒன்று சொல்வார். சிங்கராஜாவுக்குக் கரடி, குரங்கு, முயல் மூன்றும் மந்திரிகள். கொஞ்ச நாளில் ராஜாவுக்கு மந்திரிகளையே தின்ன ஆசை வந்துவிட்டது. காரணம் வேண்டுமே? வாயைத் திறந்து 'என் மூச்சு எப்படி இருக்கிறது' என்று கேட்கிறது. கரடி, 'நாறுகிறது' என்று உள்ளதைச் சொன்னது. ராஜத் துரோகம், அடித்துத் தின்றாயிற்று. குரங்கு, 'அத்தர் மணக்கிறது' என்றது. பொய்யன், அதையும் தின்றாயிற்று. முயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'ராஜாவே, எனக்கு ஜலதோஷம். மூக்கே அடைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சரியானதும் முகர்ந்து பார்த்துச் சொல்கிறேன்' என்று கிளம்பிவிட்டது. ராணுவ ஆட்சியிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த ஒருத்தி இதைச் சொல்லும்போது அது வெறும் முயல் கதை இல்லை என்று எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

பாட்டி தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்து, முயலின் பேச்சை மட்டும் பர்மியத்தில் சொல்வார், மூக்கடைத்த குரலில். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் அந்த இடத்துக்காகத்தான் காத்திருப்போம். முழுக் கதையையும் சொல்ல அவருக்கு இப்போது தெம்பு இல்லை. அதனால் மல்லி அக்காவின் 'முழுசாக அந்த மொழியிலேயே' என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஒரு பாத்திரத்தின் குரல் மட்டும் அந்த மொழியில் வந்தாலும் போதும்.

இன்னொரு கதையும் உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லலாமா தெரியவில்லை. பர்மாவின் பழைய தகாங் நாட்டு ராஜா ஒரு பலசாலிக் கொல்லனைக் கண்டு பயந்து, அவன் தங்கையைக் கல்யாணம் செய்து, அவளை வைத்தே அவனை வரவழைத்து, மரத்தில் கட்டி எரித்துவிடுகிறான். தங்கையும் தீயில் குதிக்கிறாள். இருவரும் 'நாட்' என்கிற பர்மியக் காவல் தெய்வங்கள் ஆகிவிடுகிறார்கள். அண்ணன்தான் வீட்டுக் காவல். பர்மிய வீடுகளில் சிவப்புத் துணி கட்டிய தேங்காயைத் தொங்கவிடுவது அவருக்காக. நம் ஊர் அண்ணன்மார், மதுரைவீரன் கதைகளைக் கேட்டவர்களுக்கு இந்தத் தெய்வம் அந்நியமாகத் தெரியாது.

பக்கிங்காம் கால்வாய் (கொருக்குப்பேட்டை)

எல்லாரும் பாட்டி கதை என்று உருகுகிறீர்கள். பாட்டி கதைகளில் கறுப்பு நிறத்துக்குக் கேலி, விதவைக்குக் கேலி, சாதி பெயர் சொல்லித் திட்டு எல்லாம் உண்டே, அதை என்ன செய்வீர்கள்? எந்த மொழி என்றாலும் இது உண்டு. அதிலும் எந்தச் சாதியைக் கேலி செய்கிற கதையோ அந்த வீட்டுப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கும். வடசென்னையில் எல்லாரும் கலந்துதான் இருக்கிறோம், மறந்துவிடாதீர்கள்.

செங்குன்றம் சூளை (செங்குன்றம்)

மேலே கேட்டது சரியான கேள்வி. எங்கள் பக்கம் செங்கல் சூளைகளில் பலாங்கீர், நுவாபடா பக்கத்து ஒடியாக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து தங்குகிறார்கள். வார இறுதியில் அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். ஒடியாவில் தபோயி கதை ரொம்பப் பிரசித்தம். ஏழு வணிக அண்ணன்மாருக்கு ஒரே தங்கை தபோயி. அண்ணன்மார் கடல் வாணிபத்துக்குப் போனதும் அண்ணிமார் அவளைப் படுத்தி எடுக்கிறார்கள், கடைசி அண்ணி மட்டும் இரக்கப்படுகிறாள். ஆடு மேய்க்க விடுகிறார்கள், நொய்யரிசிதான் சாப்பாடு. அந்த நொய்யையே மங்கலா தேவிக்குப் படைத்து வேண்டிக்கொள்கிறாள். அண்ணன்மார் கப்பல் திரும்புகிறது. பாத்ரபத மாதத்து (ஆகஸ்ட்-செப்டம்பர்) ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகள் இதற்காக நோன்பு இருப்பார்கள்.

கதையின் கடைசியில் தபோயி அண்ணிமாரின் மூக்கை அறுத்துவிடுவாள். நம் ஊர்ப் பெற்றோர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு 'இதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லலாமா' என்று முகம் சுளித்தார். சூர்ப்பனகை மூக்கு மட்டும் என்னவாம்? நான் எதையும் வெட்டவில்லை. பிள்ளைகள் ரசித்தது ஆடு மேய்க்கிற இடத்தையும் கப்பல் வருகிற இடத்தையும்தான். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட்டால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு சூளையிலேயே நாளைக் கழிக்கிற பிள்ளைகள் அவர்கள்.

கொருக்குப்பேட்டை டீச்சர்

கால்வாய் சொன்னதற்கு முதலில். நானாக இருந்தால் கதை சொல்கிறவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டுவிடுவேன். சாதித் திட்டு இருக்கிற கதை என்றால் வேறு கதை கேட்பேன். பாட்டிகளிடம் ஒன்றிரண்டா இருக்கிறது? ஆனால் அவருக்குத் தெரியாமல் நாமே வெட்டி ஒட்டித் தமிழில் மாற்றிச் சொல்வதை ஒப்புக்கொள்ளமாட்டேன். மூக்கு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். மனிதரை இழிவு செய்கிற கதை வேறு, பயங்கரமான கதை வேறு.

இப்போது இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. எல்லாரும் குடிவந்தவர்களின் மொழியையே பேசிக்கொண்டிருக்கிறோம். பீச் ஸ்டேஷனிலும் சென்ட்ரலிலும் ஊசிமணி பாசிமணி விற்கிற நரிக்குறவர்களின் மொழி? வாக்ரிபோலி குஜராத்தி, மராத்திக்கு உறவான மொழி, தனி எழுத்து கிடையாது. வகுப்பில் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்து அந்த மொழியில் ஒரு சொல் பேச மாட்டார்கள். கேலி செய்வார்கள் என்று தெரியும். இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களைப் பதிவுசெய்ய 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்லது. ஆனால் பதிவுசெய்வது என்றால் என்ன என்பதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு.

ஒரு தனியார் அமைப்பு நடத்திய விழாவில் இந்தப் பிள்ளைகளை மேடையேற்றி, பாசிமணி போடவைத்து, 'உங்க பாஷையில ஏதாவது பாடு' என்றார்கள். ஒரு பெண் பாடியது. கைத்தட்டல். மறுநாள் அது யூடியூபில். வீட்டில் சாமி கும்பிடும்போது பாடுகிற பாட்டு அது என்று அவளுடைய பெரியப்பா சொன்னபிறகுதான் எங்களுக்குத் தெரியும். சாமி மூட்டையை வெளியாள் தொடவே விடாத குடும்பங்கள் அவை. அந்தப் பாட்டைச் செல்போனில் யார் யாரோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடியோவை எடுக்கச் சொல்லி நடையாய் நடந்தோம்.

அதனால் மல்லி, முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள், எது வெளியே சொல்கிற கதை, எது வீட்டுக்குள் மட்டும் என்று. செல்போனை எடுக்க வேண்டாம். வருகிறவருக்கு ஒருநாள் வியாபாரம் போகும், அதற்கு ஈடாகக் கையில் பணம் கொடுங்கள். சால்வை வேண்டாம்.

இருளர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீலகிரிப் பக்கத்து இருளர்களுக்குத் தனி மொழி உண்டு, நம் எண்ணூர், பழவேற்காடு பக்கத்து இருளர்கள் பேசுவது தமிழ். அதனாலேயே இந்த மாதிரி 'பல மொழி' நிகழ்ச்சியில் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கழிமுகத்தில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற பெண்களிடம் 'கதை சொல்லுங்க' என்றால் 'எங்ககிட்ட என்னா கத' என்பார்கள். இறால் எந்த மாதத்தில் எங்கே ஒளியும், தண்ணீர் ஏறும்போது எது முதலில் வெளியே வரும் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவர்களின் தெய்வம் கன்னியம்மா வருவாள், மாசிமகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது வரும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பாழான ஆற்றைப் பற்றி வரும். எது புராணம், எது நேற்று நடந்தது என்று பிரிக்கவே முடியாது.

ராயபுரம் டூ சிட்னி

டீச்சர் சொல்வதை இங்கே சட்டமாகவே பார்க்கிறார்கள் என்று சொல்லலாம், எழுதாத சட்டம். நான் இருப்பது மேற்கு சிட்னியில், தமிழர்கள் நிறைய இருக்கிற பகுதி. மண் தருக் என்கிற ஆதிகுடி மக்களுடையது. தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவிலும் அந்த மண்ணின் மக்களுக்கு முதலில் வணக்கம் சொல்லித்தான் தொடங்குவோம். ஐரோப்பியர் வந்து இறங்கிய காலத்தில் ஆஸ்திரேலியாவில் 250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. இன்றைக்குக் குழந்தைகள் முதல் மொழியாகப் பேசி வளர்கிற மொழிகள் பத்துப் பன்னிரண்டுதான். அதனால் கதை விஷயத்தில் ரொம்பக் கவனம். இது யாருடைய கதை, சொல்ல யாருக்கு உரிமை, இறந்தவர் பெயரைச் சொல்லலாமா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் பேச்சே. ஐ.நா. 2022 முதல் 2032 வரை பழங்குடி மொழிகளின் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது, ஆனால் இங்கே நூலகங்களில் நடப்பது அதனால் அல்ல, கேட்டுக்கேட்டு வந்த பழக்கம்.

பொதுவெளியில் எல்லாருக்கும் சொல்லப்படுகிற கதை ஒன்று: விக்டோரியா மாநிலம் கிப்ஸ்லாந்துப் பக்கத்து குனைகுர்னை மக்களின் டிடாலிக் தவளை. ஒருநாள் தாகம் எடுத்து ஆறு, குளம், குட்டை என்று இருக்கிற தண்ணீர் முழுவதையும் குடித்துவிடுகிறது. மற்ற விலங்குகள் எல்லாம் தவித்துப்போய், இதைச் சிரிக்கவைத்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று ஒவ்வொன்றாக வித்தை காட்டுகின்றன. ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் விலாங்கு மீன் வாலில் நின்று ஆடி, தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ள, தவளை சிரித்துவிடும். வெள்ளம்.

பேஜோ பேரன்

2019இல் அந்தத் தவளை பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாவற்றுக்கும் வந்து போயிருக்கிறது. நம்மைச் சிரிக்கவைக்கத்தான் ஆள் இல்லை, லாரிக்குக் குடத்தோடு நின்றோம்.

வண்ணை வாசகன்

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு நான் அதிகம் பேசப் போவதில்லை. ஆனால் என் நிபந்தனை நிற்கிறது: ஒவ்வொரு நாளும் ஒரு தமிழ்க் கதையும் இருக்க வேண்டும், அதுவும் நல்ல தமிழில். மற்ற மொழிக்குத் தோரணம் கட்டிவிட்டு வீட்டுக்காரனை வாசலில் நிறுத்தாதீர்கள்.

மின்ட் தெரு பஹு

அங்கிள், கரிசல் கதைகளைத் தேடித்தேடிச் சேர்த்த எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) வீட்டு மொழியே தெலுங்குதான். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794இல் அச்சானது இதே சென்னையில், அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மேனிய தேவாலயம் இன்னும் இருக்கிறது. இத்தனை பேர் வந்து தங்கி அவரவர் பேச்சைப் பேசியும் இந்த ஊரில் தமிழ் வாசலுக்குப் போகவில்லையே. தமிழ்க் கதை கட்டாயம் இருக்கட்டும், அதில் எனக்கும் சம்மதம். நான்தான் முதலில் ம் கொட்டுவேன்.

மாடிவீட்டு மல்லி

சரி, இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் ஞாயிறு சங்கிலிக் கதைகள்: வாசகன் சாரின் ஈ, கருவாட்டுக்கூடை வீட்டு அவ்வாவின் மீன், மணலியிலிருந்து குருவி. மொழி தெரியாத பிள்ளைகள் ம் கொட்டுவார்கள். கதைக்கு நடுவே விளக்கம் கிடையாது, முடிந்த பிறகு கேட்டால் மட்டும். வீடியோ கிடையாது. இதற்கு இரண்டு அம்மாக்கள் இப்போதே முறைத்துக்கொண்டார்கள், ஸ்டேட்டஸ் போட முடியாதாம். நரிக்குறவர், இருளர் வீடுகளுக்கு டீச்சரோடு நேரில் போய்ப் பேசுகிறேன். அவர்கள் வருகிறோம் என்று சொன்னால்தான் தேதி. டீச்சர், எவ்வளவு கொடுப்பது மரியாதையாக இருக்கும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். கட்டடத்துப் பிள்ளையார் சதுர்த்தி நிதியில் மிச்சம் இருக்கிறது, அதைக் கேட்டுச் சண்டை போடப் போகிறேன்.

மணலி அண்ணா, குருவிக் கதை சொல்கிற தம்பி சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாரா?

மணலி டீக்கடை

கேட்டுவிட்டேன். மேடையா, மைக் இருக்குமா என்று ரொம்ப யோசித்தார். பாய்தான், பிள்ளைகள்தான் என்றதும் சரி என்றார். ஆனால் ஞாயிறு ஓவர்டைம், ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். குளித்துவிட்டு வர எட்டு ஆகிவிடும். பணம் வேண்டாம் என்கிறார், நான் வாங்கவைக்கிறேன்.

மாடிவீட்டு மல்லி

அப்போ எல்லாருக்கும் எட்டரை. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டே வரட்டும்.

கருவாட்டுக்கூடை

அவ்வா ஒன்பதுக்குத் தூங்கிவிடும். மீனை முதலில் வையுங்கள்.